குழலுக்கு அடியில் இருந்த முத்திரை

நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் போதும். நீர் உயிரோடு இருந்தவரை நான் பேசவில்லை. போன ஆண்டு வானொலியின் மரண அறிவித்தலில் உம் பெயரை வாசித்தபோதும் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து கை கழுவினேன், அவ்வளவுதான். ஆனால் நேற்று பண்டாரவளையில், ஏலத்துக்குச் சாமான்கள் பரப்பியிருந்த ஒரு கூடத்தில், தேன்மெழுகின் வாசம் என் மூக்கில் ஏறியது. பழைய மெழுகு, எண்ணெயோடு கலந்தது. அந்த வாசத்தை இந்த ஊவா மலையில் இன்னொருவர் அடையாளம் கண்டிருக்க முடியாது. நீர் கண்டிருப்பீர். நீர் இல்லை.

'நீர்' என்று எழுதுகிறேன், பாரும். யாழ்ப்பாணத்து வழக்கப்படி நீர் என்னை 'நீர்' என்பீர். தோட்டத்து வழக்கப்படி நான் உம்மை 'நீங்க' என்பேன். நமக்கு ஒரே வயது. ஒரே பத்திரிகையை வாங்கி, ஒரே ஆங்கிலப் புத்தகங்களை மாற்றி மாற்றிப் படித்தவர்கள். ஆனாலும் அத்தனை வருடப் பழக்கத்தில் அந்த ஒரு படி மட்டும் சமமாகவில்லை. நீரும் இறங்கவில்லை, என்னை ஏறச் சொல்லவும் இல்லை. இன்று உம்முடைய சொல்லை நானே எடுத்துக்கொள்கிறேன்.

பதுளை ரயில் பாதை முடிகிற ஊர். கொழும்புப் பத்திரிகை மாலை வண்டியில்தான் வந்து சேரும். அதற்காக மேடையில் காத்து நின்றவர்களில் நாம் இருவர். நான் மிஷன் பாடசாலையில் ஆசிரியன், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெரிய கங்காணி மகன். நீர் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் துப்பாக்கி அனுமதிப்பத்திரங்களைக் கவனிக்கும் கிளாக்கர். வருடந்தோறும் மாவட்டத்துத் துவக்குகள் எல்லாம் உம் மேசைக்கு வந்தாக வேண்டும். மற்றக் கிளாக்கர்கள் இலக்கத்தைச் சரிபார்த்து அனுப்பிவிடுவார்கள். நீர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன பழைய கைத்துவக்குகளைத் தாயக்கட்டை போலப் புரட்டிக்கொண்டிருப்பீர். குழலில் அடித்த முத்திரை, விசைத்தகட்டில் வெட்டிய பெயர், பிடியில் பதித்த வெள்ளித் தகடு. இவற்றைக் கொண்டு அது எந்த ஊரில் செய்யப்பட்டது, யார் கையில் இருந்தது என்று சொல்வீர். சொத்துத் தகராறுகளில் நீதிமன்றம் உம்மைக் கூப்பிடத் தொடங்கியது அதனால்தான்.

லுணுகலை வழக்கு உமக்கு நினைவிருக்கும். ஒரு கடை முதலாளியும் ஒரு விதவையும் ஒரே கைத்துவக்குக்கு அடித்துக்கொண்டார்கள். முதலாளி, அது தன் பாட்டன் லண்டனிலிருந்து தருவித்தது என்றார். மேலே 'லண்டன்' என்று பெரிதாக வெட்டியும் இருந்தது. விதவைக்கு எழுத்துத் தெரியாது. தன் புருஷன் ஒருமுறை குழலைக் கழற்றித் துடைத்தபோது அடியில் முட்டை மாதிரி ஒரு வட்டம் பார்த்தேன் என்று மட்டும் சொன்னாள். நான் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மரக்கட்டைக்குக் குறுக்கே செருகியிருந்த சிறிய ஆப்பை நீர் கட்டைவிரலால் தள்ளினீர். குழல் பல் விழுவதுபோலக் கையோடு வந்தது. அடியில் முட்டை வட்டத்துக்குள் மூன்று எழுத்து. பெல்ஜியத்து முத்திரை. துவக்கு விதவைக்குப் போனது. வெளியே வந்ததும் நீர் என் தோளைத் தட்டிச் சொன்னீர்: "மேல இருக்கிற பேரை ஆரும் வெட்டலாம், காணும். அடியில அடிச்சிருக்கிறதுதான் பிறப்பு."

அன்று நான் உம்மை வணங்காத குறை. பணக்காரன் பக்கம் சாயாத ஒரு மனிதரை இந்த ஊரில் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் எங்கள் வீட்டுக் கைத்துவக்கை உம்மிடம் கொண்டுவந்தேன்.

அது என் தாத்தாவுக்குக் கிடைத்தது. சம்பளப் பணம் பதுளையிலிருந்து குதிரையில் வந்த காலத்தில் பெட்டிக்குக் காவலாகக் கூடவே நடந்தவர் அவர். அப்போதிருந்த துரை, சீமைக்குத் திரும்பிப் போகிற அன்று அவர் கையில் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். சாட்சிக்கு யாரும் இல்லை. எங்கள் வீட்டில் அது ஒருநாளும் சுட்டதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூசையன்று, தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்திகளுக்கும் மண் கிளறும் முள்ளுக்கும் நடுவில் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருக்கும். முதல்நாளே அம்மா அதைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுக் குத்துவிளக்கு தேய்ப்பதுபோலத் தேய்த்து வைப்பாள். அவளுக்கு முன் என் அப்பாயி தேய்த்தாள். சாமிக்கு முன்னால் வைக்கிற பொருள் பளபளவென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் பழைய சேலைத் துண்டில் சுற்றி, உம் வாடகை வீட்டுக்கு எடுத்து வந்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நீர் தலையில் கை வைத்தீர்.

"ஆர் காணும் இதை இப்பிடித் தேய்ச்சது?"

"எங்க அம்மாங்க. ஆயுத பூசைக்கு. புளியும் செங்கப் பொடியும் போட்டு."

"புளியோ! அப்ப எழுத்து முழுக்க ரசம் வைச்சுக் குடிச்சிட்டா உம்மட அம்மா."

உள்ளேயிருந்து அக்கா சிரித்தார். உம் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்து, "மாஸ்டர், இவரின்ர பகிடியைக் கேட்டுக்கொண்டு இருந்தா பிட்டு ஆறிப்போம், சாப்பிடுங்கோ" என்றார். நீர் சாப்பிடவில்லை. ஆப்பைத் தள்ளிக் குழலை எடுத்து, அடியைத் திருப்பி, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தீர். இரண்டு செங்கோல்கள் பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று வெட்டி நிற்க, மேலே ஒரு குட்டி மணிமுடி. அம்மாவின் புளி எட்டாத இடத்தில், நேற்று அடித்ததுபோலத் தெளிவாக இருந்தது.

"பேர்மிங்ஹாம். லண்டன் முத்திரை இப்பிடி இராது. உம்மட தாத்தாவின்ர துவக்கு பேர்மிங்ஹாமில பிறந்தது, வடிவாய் ஞாபகம் வைச்சிரும்."

பிறகு பிபிலைப் பக்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்து தந்த தேன்மெழுகைத் தகரத்தில் உருக்கி, எண்ணெய் கலந்து, குழலின் அடியிலும் மரத்தின் பள்ளத்திலும் பூசினீர். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்றீர். மூடிக் கையில் தரும்போது, "இதுக்கு லைசன்ஸ்?" என்று கேட்டீர். இல்லைங்க என்றேன். "சரி. நான் கேக்கேல்லை, நீர் சொல்லேல்லை" என்று கண்ணைச் சிமிட்டினீர். பெரிய மனசு என்று அப்போது நினைத்தேன்.

பிறகு தோட்டம் கை மாறியது. வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போக, புதிய துரை வந்தார். அவர் பங்களாவுக்குள் வந்து முதலில் பார்த்தது கணப்படுப்புக்கு மேலே சுவரில் தொங்கிய கைத்துவக்கை. அதற்குப் பக்கத்தில் அதே அளவில் இரண்டு கொக்கிகள் வெறுமனே இருந்தன. ஜோடியில் மற்றது எங்கே என்று கேட்டார். அந்த வெறும் கொக்கிக்கு வயது எத்தனை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் இருந்தாரே, அப்பாவுடைய வாய்க்கும் காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவருக்கிருந்த செல்வாக்குக்கும் எரிந்துகொண்டிருந்தவர், அவர் பதில் சொன்னார்: "பெரிய கங்காணி வீட்ல ஒண்ணு இருக்குதுங்க. பூசைக்கு வெப்பாங்க."

பொலிஸ் வந்து சாமித் தட்டிலிருந்து அதை எடுத்துப் போனது. லைசன்ஸ் இல்லாததை மட்டும் என்றால் அபராதத்தோடு விட்டிருப்பார்கள்; அப்பா மேல் களவுப் பொருள் வைத்திருந்ததாக வழக்கு.

அந்த வழக்கில் என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்று உமக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், இதைப் படிக்கப் போகிறவர்களுக்காக. எங்கள் பிரஜாவுரிமை விண்ணப்பம் வருடக்கணக்காக விசாரணையில் கிடந்தது. இந்த மலையில் பிறந்த என் அப்பா, இந்த மலையில்தான் பிறந்தேன் என்று அதிகாரிகளுக்கு நிரூபித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கள்ளன் என்று ஒரு தீர்ப்பு விழுந்தால் வீடு போகும், வேலை போகும், நாடும் போகும். இவ்வளவையும் தடுக்க ஒரு கட்டைவிரல் போதும். பங்களாத் துவக்கில் மேலே வெட்டிய பெயரும் குழலில் அடித்த முத்திரையும் லண்டன், இரண்டும் அழியாமல் இருந்தன. எங்களுடையதன் அடியில் பேர்மிங்ஹாம் முத்திரை. ஒரு ஜோடியை இரண்டு ஊரில் பெற்றெடுக்க மாட்டார்கள்.

நீதிமன்றம் உம்மைத்தான் அழைத்தது என்று கேட்டபோது நான் சிரித்தேன். அப்பாவிடம், "கவலைப்படாதீங்கப்பா, நம்ம ஆளுதான்" என்றேன். அந்தச் சொல்லை இன்று நினைத்தாலும் காது எரிகிறது.

வழக்குக்கு முந்திய வாரம் பாடசாலைக்கு வந்தீர். இடைவேளை. பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் பேசினீர்.

"இஞ்ச பாரும். நான் கழட்டினா அடியில மெழுகு இருக்கும். ஆர் பூசினது எண்டு கேப்பினம்."

"நான் பூசினேன்னு சொல்லிடுறேன்."

"உமக்கு ஆர் காட்டித் தந்தது எண்டு கேப்பினம். லைசன்ஸ் இல்லாத துவக்கு என்ர வீட்டு மேசையில கிடந்தது எண்டு வந்தா என்ர கதி என்ன? உத்தியோகத்துக்குச் சிங்களச் சோதினை வேற தலையில நிக்குது. ஊருக்கு மாற்றம் கேட்டிருக்கிறன்."

"அப்ப எங்கப்பா?"

"நான் பாத்துக்கொள்ளுறன். என்ர பேரை மட்டும் இழுக்காதையும்."

நான் இழுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எங்கள் வழக்கைப் பேசிய புரொக்டரிடம்கூடச் சொல்லவில்லை. குழலைக் கழற்றி அடியைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். நீர் பார்த்துக்கொள்வீர் என்று நம்பினேன்.

புரொக்டர் கேட்டார். லுணுகலை வழக்கில் இதே மேசையில் கழற்றிக் காட்டினீர்களே என்றும் கேட்டார். நீர் எங்கள் துவக்கைக் கையில் எடுத்தீர். உம் கட்டைவிரல் அந்த ஆப்பின் மேல்தான் இருந்தது. நான் பார்த்தேன். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னீர்: இது வேறு வகை, துருவேறி இறுகிவிட்டது, கழற்றினால் மரம் வெடிக்கும். வெளியே இருந்த அடையாளங்கள் தேய்த்து அழிக்கப்பட்டுவிட்டன. அளவும் விசையும் பங்களாத் துவக்கை ஒத்திருப்பதால் இரண்டும் ஜோடியாக இருக்கவே வாய்ப்பு.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. உம் பொய் அவருக்கு உம் குரலில் வரவில்லை. மொழிபெயர்த்த முதலியாரின் சளிபிடித்த குரலில் வந்தது. அதைக் கேட்டுவிட்டு அப்பா தலையாட்டினார்.

ஏன் அழித்தீர்கள் என்று அரச தரப்பில் அம்மாவைக் கேட்டார்கள். களவை மறைக்கத்தானே? அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "சாமிக்குங்க" என்றாள். யாரோ சிரித்தார்கள். நீர் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்.

துவக்கு பங்களாவுக்குப் போனது. அப்பாவுக்கு அபராதமும், இனி யோக்கியமாக இரு என்ற எச்சரிக்கையும். நீதிமன்றப் படியில் நீர் எங்களைக் கடந்து போக வேண்டியிருந்தது. அப்பா உம்மைப் பார்த்துக் கை கூப்பி, "வாறேங்க ஐயா" என்றார். அவர் கேலி செய்யவில்லை. உம்மீது அவருக்குக் கோபமே இல்லை. "படிச்சவுங்க பாத்துச் சொல்றாங்க, சரியாத்தான்டா இருக்கும். நம்ம தாத்தாவே எடுத்துட்டு வந்திருப்பாரோ என்னமோ" என்றார் பஸ்ஸில். தன் தகப்பனையே சந்தேகிக்க வைத்துவிட்டீர் ஐயா, என் தகப்பனை.

பெரிய கங்காணி வேலை போயிற்று. வீட்டை விட்டுத் தொழிலாளர் லயத்து அறைக்கு வந்தோம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணமென்று வேறெதையோ எழுதியிருந்தார்கள், ஆனால் விசாரணையில் அந்த அதிகாரி முதலில் கேட்டது துவக்கு வழக்கைப் பற்றி. அப்பா தலைமன்னாரில் கப்பலேறி, அவர் ஒருநாளும் கண்டிராத திருச்சிப் பக்கத்து ஊருக்குப் போனார். அங்கே அவரை 'சிலோன்காரர்' என்றார்களாம். முதல் மழைக்காலத்தைக்கூட அவர் தாண்டவில்லை.

அம்மா போகவில்லை. பிரஜாவுரிமை இல்லாமலே என்னோடு இருந்தாள். அவள் கதைதான் எனக்கு இன்னும் ஆறாதது. "நாந்தான் தேய்ச்சுத் தேய்ச்சு அழிச்சுப்புட்டேன். என் கையாலதான் அவுகள அனுப்பிச்சுப்புட்டேன்" என்பாள். அடியில் முத்திரை இருக்கிறது, நான் கண்ணால் பார்த்தேன் என்று எத்தனை தடவை சொன்னேன். "கச்சேரி ஐயாவே இல்லன்னுட்டாரே, நீ என்னைத் தேத்துறதுக்குச் சொல்ற" என்பாள். மகனின் வார்த்தை எடுபடவில்லை. நீர் ஒருநாள் வந்து அவள் முன்னால் நின்று, "இருக்குது அம்மா, நீங்கள் அழிக்கேல்லை" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நீதிமன்றத்தில் வேண்டாம். எங்கள் லயத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருக்கலாம். அதற்கு உம் உத்தியோகம் போயிருக்காது. நீர் வரவில்லை. கேட்ட மாற்றம் கிடைத்து ஊருக்குப் போய்விட்டீர். அவள் அதற்குப் பிறகு ஒரு விளக்கையும் தேய்த்ததில்லை. எங்கள் வீட்டு விளக்கு கறுத்துப் போய்க் கிடந்தது, அவள் சாகும்வரை.

பெரிய கிளாக்கரை நான் மன்னிக்கவில்லை. அந்தத் துரையையும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர்கள் எங்களுக்கு ஆகாதவர்களாகவே வந்து ஆகாததைச் செய்தார்கள். உம் வீட்டில் நான் பிட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.

நேற்று அந்தப் பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். துரை மறுபடி மாறுகிறார். நான் வாங்கப் போகவில்லை, பார்க்கத்தான் போனேன். ஒரு பலகையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கொழும்பிலிருந்து வந்த ஒரு பழம்பொருள் வியாபாரி, தொப்பியும் வெற்றிலை வாயுமாக, எங்களுடையதைக் கையில் எடுத்தார். சும்மா, பேச்சுவாக்கில், கட்டைவிரலால் ஆப்பைத் தள்ளினார். குழல் வழுக்கிக்கொண்டு வந்தது. மரம் வெடிக்கவில்லை. துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. உம்முடைய மெழுகு அத்தனை வருடமும் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. அந்த வாசம் கூடம் முழுக்க வந்ததுபோல எனக்கு இருந்தது.

"ஜோடியெண்டு சொன்னீங்க, இது ஜோடி இல்லையே. ஒண்டு லண்டன், மத்தது பேமிங்ஹாம்" என்றார் அவர்.

ஏலம் போடுகிறவர் எட்டிப் பார்த்தார். "அப்பிடியா? சரி, அப்ப வெலையக் கொறைச்சிக்குவோம்."

அவ்வளவுதான். வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் அப்பாவை நாடு கடத்திய கேள்விக்கு, வெற்றிலை துப்பப் போகிற நேரத்தில் ஒரு வியாபாரி பதில் சொல்லிவிட்டுப் போனார். நான் நடுவில் போய்க் கத்தியிருக்கலாம். யாரிடம் கத்துவது? கேட்டிருக்க வேண்டிய இரண்டு பேரும் மண்ணுக்குள். சொல்லியிருக்க வேண்டியவரும் இப்போது மண்ணுக்குள்.

நீர் பயந்தீர். அது எனக்குப் புரிகிறது. அந்த வருடங்களில் தமிழ்க் கிளாக்கர் எவருக்குத்தான் பயமில்லை. புரிகிறது என்பதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லாதிருக்கட்டும்.

உம்மிடமிருந்து எனக்கு மிச்சமாக ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது, விட முடியவில்லை. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் புரட்டி அடியைப் பார்க்கிறேன். தேத்தண்ணீர்க் கோப்பை, கடையில் வாங்கும் பூட்டு, அம்மாவின் பித்தளைச் செம்பு. மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன், அதனால் எனக்கு உம்மைப்போல இன்னொரு சிநேகிதர் வாய்க்கவில்லை.

இந்தக் கடிதத்தை உம் பெயருக்கே, உம் ஊர் முகவரிக்கே அனுப்பப் போகிறேன். அக்கா பிரிப்பார். அல்லது சட்டம் படிக்கிறானாமே உம் மகன், அவன் பிரிப்பான். அவன் படித்தால் நல்லது. நாளை ஒரு சாட்சிக்காரர் கூண்டில் நின்று 'கழற்ற முடியாது' என்றால், கழற்றிக் காட்டும் என்று அவனாவது கேட்கட்டும்.

கீழே பெயர் போட மாட்டேன். யார் எழுதியது என்று இரண்டாம் பக்கம் வருமுன்னே அக்காவுக்குத் தெரிந்துவிடும். அது பரவாயில்லை. ஆனால் பெயரும் முகவரியும் இருந்தால் அவர் பதில் எழுதுவார். உமக்காக மன்னிப்புக் கேட்பார். அந்தக் கையால் பரிமாறிச் சாப்பிட்டவன் நான், இல்லை என்று அவருக்கு எழுத என்னால் முடியாது. முடியாமல் மன்னித்துவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. ஆகவே பெயரில்லாமலே ஒட்டி, ஸ்டேஷன் தபால்பெட்டியில் போடுகிறேன். எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைத் தபால்காரர் அடிக்கிற முத்திரை சொல்லும். அதற்குமேல் யாரும் என்னை அடையாளம் காண வேண்டாம்.